காலி வண்டியில் பிடித்த பிரேக்

போன வாரம் உங்கள் ஷெட்டுக்கு வந்தேன் அல்லவா, தம்பிகளே. நாற்காலி போட்டீர்கள், காபி கொடுத்தீர்கள், எல்லாம் சரி. பழக்க தோஷம், கடைசியில் நின்றிருந்த லாரியின் அடியில் குனிந்து பார்த்தேன். பார்க்காமலே வந்திருக்கலாம். பின் ஆக்ஸிலை மாற்றிய நீங்கள், ஹேண்ட் பிரேக் கேபிளை மட்டும் எதிலும் மாட்டாமல் சுருட்டி, கட்டுக்கம்பியால் சேஸிஸ் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தீர்கள். என்னப்பா இது என்று கேட்டேன். உங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "புது ஆக்ஸிலுக்கு அந்தக் கேபிள் சேரல சார். யாரு சார் ஹேண்ட் பிரேக் போடுறாங்க? நிறுத்துனா கல்லு வெச்சிருவாங்க" என்றார். நான் உடனே கிளம்பி வந்துவிட்டேன். பேசியிருந்தால் அந்தக் காபி டம்ளர் பறந்திருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆக்ஸிலை எப்படி இறக்குவது, எப்படி ஏற்றுவது என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் தொங்கவிட்ட அந்தக் கேபிளைப் பற்றியும், அப்படி ஒரு கேபிளை நம்பிய மனிதர் ஒருவரைப் பற்றியும்தான் சொல்லப்போகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் பாலக்கரையில் ஒரு லாரிப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். அப்போது ஓடிய லாரிகளில் பாதி, யுத்தம் முடிந்து ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்டவை. ஒரு வண்டியின் இன்ஜின் இன்னொரு வண்டியில் இருக்கும், மூன்றாவது வண்டியின் கியர்பாக்ஸ் அதில் உட்கார்ந்திருக்கும். இதற்கு நடுவில் ஹேண்ட் பிரேக் என்பது ஒரு அலங்காரம். வண்டி நிற்பதற்கு முன்பே கிளீனர் குதித்து ஓடிச் சக்கரத்தடியில் கட்டையைச் செருக வேண்டும், அதுதான் வழக்கம். கட்டை போடுகிற வேகத்தை வைத்துத்தான் நல்ல கிளீனர், மட்டமான கிளீனர் என்று பேசுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்கும் நாளில் மட்டும் அந்த ஹேண்ட் பிரேக் லீவருக்கு வேலை வரும். அன்றைக்கும் டிரைவர் கையால் லீவரை இழுத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் கால் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சாதாரண நாளில் எந்த டிரைவராவது லீவரை இழுத்தால், டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் மற்ற டிரைவர்கள், "லைசென்ஸ் நேத்துதான் வாங்குனீங்களா?" என்று கேட்பார்கள். எனக்கு அப்போதே இது பிடிக்காது. வண்டியில் ஒரு பிரேக் இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவனைப் பார்த்து ஊரே சிரிக்கிறது. அதைச் சரியாகப் போடாத மெக்கானிக்கைப் பார்த்து மட்டும் யாரும் சிரிப்பதில்லை. அது எந்த ஊர் நியாயம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மஜீத் பாய் ஒரு நெல் வியாபாரியின் லாரியை ஓட்டினார். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். லால்குடிப் பக்கம் நெல் ஏற்றிக்கொண்டு வந்து, ஸ்ரீரங்கத்தில் ஓர் அரிசி ஆலையில் இறக்குவது அவர் வேலை. ஒருநாள் லால்குடி ரோட்டில் அந்த வண்டியின் பின் ஆக்ஸில் உள்ளே நொறுங்கி, மாடு கட்டி இழுக்காத குறையாக எங்கள் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. வியாபாரி எங்கிருந்தோ வேறு மாதிரி வண்டியின் ஆக்ஸில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து, இதைப் போட்டுக் கொடுங்கள் என்றார்.

பழைய ஆக்ஸிலை இறக்கியது நான்தான். மஜீத் பாய் பக்கத்தில் வந்து குந்தினார். தன் முதலாளி கிளீனரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார் என்றும், ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தால் போதாதா, எதற்கு இரண்டு பேர் என்று கேட்கிறார் என்றும் சொன்னார். பிறகு புது ஆக்ஸிலைக் காட்டி, "கட்டை போட எனக்கு ஆள் இல்ல, லூர்து. இதுல ஹேண்ட் பிரேக் பிடிக்கணும். மத்ததெல்லாம் எப்படி வேணா இருக்கட்டும்" என்றார். டிரைவர் ஒருவர் வாய்விட்டு ஹேண்ட் பிரேக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கட்டாயம் பிடிக்கும்படி செய்து தருகிறோம் என்றேன். பட்டறை முதலாளியும் கல்லாவில் உட்கார்ந்தபடியே, கவலைப்படாதீங்க பாய் என்று வாக்குக் கொடுத்தார்.

புது ஆக்ஸிலில், கேபிள் மாட்டுகிற பிரேக் கை வேறு இடத்தில் இருந்தது. பழைய கேபிள் ஒரு சாண் போதவில்லை. கேபிளுக்கு மேலே இருக்கும் உறை வந்து முட்டி நிற்க, ஆக்ஸிலில் ஓர் இடம் வேண்டும். அதுவும் இல்லை. செய்ய வேண்டியது சிக்கலான வேலை இல்லை. ஆக்ஸிலில் ஒரு தாங்கியை வெல்டிங் வைத்து, உறையோடு சேர்த்து நீளமான கேபிள் ஒன்று வாங்கிப் போட வேண்டும். மெட்ராஸிலிருந்து கேபிள் வரச் சில நாள் ஆகும், அவ்வளவுதான். இதை முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே, முசிறியில் ஒரு பஸ் கியர்பாக்ஸ் உடைந்து நிற்கிறது என்று ஆள் வந்தது. என்னை அங்கே அனுப்பிவிட்டார்கள்.

முசிறியிலிருந்து நான் திரும்பிய காலையில் பட்டறையில் லாரி இல்லை. என்னோடு வேலை செய்த இன்னொரு ஃபிட்டர் அதை முடித்து அனுப்பியிருந்தார். கேபிள் எப்போது வந்தது என்று கேட்டேன். கேபிளா, அதெல்லாம் எதற்கு என்றார். நெல் வியாபாரி அவசரப்படுத்தினாராம். முதலாளியும் ஏதாவது செய்து அனுப்பு என்றாராம். இவர் உறையை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே இருந்த வெறும் கம்பியோடு இன்னொரு துண்டுக் கம்பியைக் கிளிப் போட்டுச் சேர்த்து, சேஸிஸிலிருந்து நேராக ஆக்ஸிலுக்கு இழுத்துக் கட்டிவிட்டார். பட்டறை வாசலில் லீவரை இழுத்துவிட்டு நாலு பேர் தள்ளிப் பார்த்தார்களாம், வண்டி இம்மிகூட நகரவில்லையாம். சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அந்தப் பிரேக் பாரத்தோடு பிடிக்காது. காரணத்தை நீங்களே யோசித்துப் பாருங்கள். வண்டி காலியாக இருக்கும்போது ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்து, ஆக்ஸில் சேஸிஸை விட்டுக் கீழே தொங்கும். அந்த இடைவெளியில் கம்பி விறைப்பாக இருக்கும், பிரேக் பிடிக்கும். பாரம் ஏற்றினால் பட்டை அமுங்கும், சேஸிஸும் ஆக்ஸிலும் நெருங்கும், கம்பி தொய்ந்துவிடும். லீவரை மேலே வரைக்கும் இழுத்தாலும் அங்கே ஒன்றும் நடக்காது. உறை போட்ட கேபிளில், உறையும் சேர்ந்தே வளைவதால், இந்தத் தொல்லை இல்லை. வெறும் கம்பியில் இது வந்தே தீரும்.

பாரத்தோடு பார்த்தீர்களா என்று கேட்டேன். பிரேக் இன்ஸ்பெக்டரே காலி வண்டியைத்தானே பார்க்கிறார், நமக்கு என்ன வந்தது என்று கேட்டார் முதலாளி. லீவர் மேலே வரைக்கும் வருகிறதே என்று மஜீத் பாய் சந்தேகப்பட்டாராம். புது ஆக்ஸில் அப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்க என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்களாம். சந்தேகப்பட்ட மனிதரின் வாயை மூடி அனுப்பியிருக்கிறார்கள்.

வண்டி விடிந்ததும் லால்குடிக்குப் போய்விட்டது. நெல்லோடு ஸ்ரீரங்கம் ஆலைக்கு வரும். யாரையாவது அனுப்பித் தடுக்கச் சொன்னேன். முதலாளி, போய் உன் வேலையைப் பார் என்றார். நான் சைக்கிளை எடுத்தேன். மெயின்கார்டு கேட் கூட்டத்தில் திட்டு வாங்கி, காவிரிப் பாலத்தில் எதிர்க்காற்றில் மிதித்து, ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு ஆலை இருந்த வடக்குப் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தெரு முழுக்க ஆட்கள் நின்றார்கள்.

நடந்தது இதுதான். கொள்ளிடக் கரையிலிருந்து தெருவுக்குள் இறங்கும் சரிவில் ஆலை இருந்தது. வாசல் கதவு சாத்தியிருந்ததால் மஜீத் பாய் சரிவிலேயே வண்டியை நிறுத்தினார். பேட்டரி பலவீனம், அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்று இன்ஜினை ஓடவிட்டார். அதனால் கியரிலும் போட முடியவில்லை. ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்தார். முன்சக்கரம் ஒரு சிறு பள்ளத்தில் இருந்ததால் வண்டி நின்றது, பிரேக்தான் பிடித்தது என்று நினைத்துவிட்டார். கிளீனர் இல்லாததால் கதவைத் திறக்கச் சொல்ல அவரே இறங்கிப் போனார். அவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தபோது அத்தனை நெல் மூட்டையோடும் லாரி இன்ஜின் அதிர்வில் பள்ளத்தை விட்டுத் தானாக உருண்டு, தெருக் குழாயில் நின்ற பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓட, துணி தேய்த்துக் கொடுக்கும் ஒருவரின் தள்ளுவண்டியை நசுக்கிக்கொண்டு போய் ஒரு மதிலில் முட்டி நின்றது. தேய்ப்பவரின் கால் முறிந்துவிட்டது. ஒரு குதிரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

மஜீத் பாயை ஆலைச் சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள். சட்டை கிழிந்திருந்தது. உதட்டில் ரத்தம். போலீஸ் ஏட்டு ஒருவர் பக்கத்தில் நின்றார். ஹேண்ட் பிரேக் போட்டேன் என்று மஜீத் பாய் திரும்பத் திரும்பச் சொல்ல, யாரும் காதில் வாங்கவில்லை. அங்கே இரண்டு மூன்று லாரி டிரைவர்களும் வந்திருந்தார்கள். அவருக்காகப் பரிந்து பேசுவார்கள் என்று நினைத்தேன். அவர்களில் ஒருவர் ஏட்டிடம், "கட்டை போடாம ஹேண்ட் பிரேக்கை நம்பி எறங்கியிருக்கான் சார். எவனாச்சும் எறங்குவானா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் காதுபடச் சொன்னார். பிரேக்கை நம்பினது குற்றம். அதை அப்படிக் கட்டினவன் பாலக்கரையில் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருக்கிறான்.

அதற்குள் நெல் வியாபாரி கூலியாட்களோடு வந்துவிட்டார். வானம் மூடிக்கொண்டு வந்தது. மழை விழுமுன் மூட்டைகளை இறக்க வேண்டும், வண்டியை எடுத்துத் தெருவைத் திறக்க வேண்டும் என்றார். ஏட்டும் சரி என்றார். கூட்டமும் அதையே சொன்னது. நல்ல காரியம்தானே என்று உங்களுக்கும் தோன்றும். எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். மூட்டை இறங்கினால் பட்டை நிமிரும், கம்பி விறைக்கும், ஹேண்ட் பிரேக் பிடிக்கும். பிறகு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து லீவரை இழுத்துப் பார்த்து, பிரேக் நன்றாக இருக்கிறது என்று எழுதுவார். அத்தோடு மஜீத் பாய் பொய்யர் ஆகிவிடுவார். லைசென்ஸும் போகும், உள்ளேயும் போவார். அவர் வீட்டில் நாலு பிள்ளைகள்.

நான் வண்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை ஒரு மூட்டையும் இறங்கக் கூடாது என்றேன். யோவ், நீ யாருய்யா என்றார் வியாபாரி. இந்த ஆக்ஸிலை மாட்டிய பட்டறையின் ஆள் என்றேன். சொன்ன பிறகுதான் அடுத்த அடி எனக்கு விழும் என்று தோன்றியது. ஒரு கூலியாள் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். நான் விடவில்லை. ஏட்டையா, இந்த வண்டியைத் தொட்டால் சாட்சியை அழித்த மாதிரி ஆகிவிடும் என்றேன். அவருக்குக் கொஞ்சம் தயக்கம் வந்தது. ஆனால் கூட்டத்துக்கு வரவில்லை. பாவம், ஏழையின் தள்ளுவண்டி அடியில் கிடக்கிறது, கால் போனவன் பெண்டாட்டி அழுகிறாள், இவன் சட்டம் பேசுகிறான் என்று கத்தினார்கள்.

அந்த அம்மா அங்கேதான் இருந்தார். பாக்கியம் என்று பெயர். சிதறிக் கிடந்த ஊரார் துணிகளைப் பொறுக்கி, மண்ணை உதறி, மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் பேரைச் சொல்லி அத்தனை பேர் கத்தினார்களே தவிர, அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் அவரிடம் போனேன். பாரத்தோடு பார்த்தால்தான் பிரேக்கின் கோளாறு தெரியும், காலி செய்தால் மறைந்துவிடும் என்று எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். வண்டி உங்கள் பிழைப்பின் மேல் நிற்கிறது, நீங்கள் எடுக்கச் சொன்னால் நான் விலகிக்கொள்கிறேன் என்றேன்.

அவர் துணியை மடிப்பதை நிறுத்தாமலே கேட்டார். பிறகு எழுந்து ஏட்டைப் பார்த்து, "வண்டி நிக்கட்டும் சார். நசுங்குனது நசுங்கிப்போச்சு. எதனால எங்க வீட்டுக்காரரு கால் ஒடஞ்சுதுன்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

ஏட்டு கூலியாட்களை விலகி நிற்கச் சொன்னார். மழை வந்தது. மூட்டைகள் நனைந்தன. வியாபாரி என்னைச் சபித்துக்கொண்டே தார்ப்பாயை விரிக்கச் சொன்னார். தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்துக் கட்டியவர்களில் நானும் ஒருவன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வர மதியம் ஆகிவிட்டது. இளவயதுக்காரர், குடையை மடக்கிக்கொண்டு வந்தார். நான் கம்பியைக் காட்டினேன். லீவர் கடைசிப் பல்வரை இழுத்தபடி இருந்தது, கம்பியோ துணி காயப்போடலாம் போலத் தொய்ந்து கிடந்தது. அவர் அதோடு விடவில்லை. முன் பம்பர்தான் நெளிந்திருந்தது, வேறொரு லாரியின் பேட்டரியை மாட்டியதும் இன்ஜின் கிளம்பியது. கீழே தடுப்புக்கு மரங்களை அடுக்கச் சொல்லிவிட்டு, மஜீத் பாயை வண்டியைச் சரிவில் ஏற்றி நிறுத்தச் சொன்னார். லீவரை அவரே இழுத்தார். மஜீத் பாய் மெல்லக் காலை எடுத்ததும் வண்டி உருண்டது. பிறகு மூட்டைகளை இறக்கச் சொல்லி, அதே இடத்தில், அதே லீவரை இழுத்தார். வண்டி கல்லாட்டம் நின்றது. கூட்டம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. காலையில் மஜீத் பாயை அடித்தவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வண்டியிலிருந்து இறங்கினார். பிறகு என்னிடம் மட்டும் கேட்கும்படி, "நானும் இத்தனை நாளா காலி வண்டியைத்தாங்க பார்த்துட்டு வந்திருக்கேன்" என்றார். நல்ல மனிதர், ஒப்புக்கொண்டார். அந்த ஊரில் அன்று அப்படி ஒப்புக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

மஜீத் பாய் மேல் வழக்கு நிற்கவில்லை. அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டதா? எங்கள் பட்டறை முதலாளி ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போலீஸில் போய்ப் பட்டறையைக் காட்டிக்கொடுக்கிற ஆள் எனக்கு வேண்டாம் என்று என்னைத்தான் வெளியே அனுப்பினார். கம்பியைக் கட்டிய ஃபிட்டர் அங்கேயே இருந்தார், பிறகு மேஸ்திரியும் ஆனார். நெல் வியாபாரி வேறு டிரைவரை வைத்துக்கொண்டார், கூடவே ஒரு கிளீனரையும். அந்தக் கிளீனரை முன்பே வைத்திருந்தால் ஒருவருடைய கால் மிஞ்சியிருக்கும். தேய்ப்பவருக்கு எலும்பு கோணலாகத்தான் கூடியது, நின்று தேய்க்க முடியாமல் போனது. அதன் பிறகு பாக்கியம் அம்மாதான் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தார். டீக்கடை டிரைவர்களோ, கோளாறு பட்டறையுடையது என்று தெரிந்த பிறகும், மஜீத் பாய்க்கு 'ஹேண்ட் பிரேக் பாய்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். அந்தப் பெயர் கடைசிவரை போகவில்லை. இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

பிறகு நான் வேறொரு லாரிக் கம்பெனியில் சேர்ந்து ஃபோர்மன் ஆனேன். ஆக்ஸில் மாற்றிய எந்த வண்டியும் உறையோடு சரியான கேபிள் போட்டு, முழுப் பாரத்தோடு சரிவில் நிறுத்திப் பார்க்காமல் என் கேட்டைத் தாண்டாது. அதற்காக என்னைக் கிறுக்கன் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அறுபதுகளின் நடுவில் மஜீத் பாய் எங்கள் கம்பெனிக்கு டிரைவராக வந்தார். அவர் எடுத்த வண்டிக்கு ஆக்ஸில் மாற்ற வேண்டி வந்தபோது, கேபிள் வேலையை ஒருவரிடமும் கொடுக்காமல் நானே செய்தேன். பாரத்தை ஏற்றி, ஷெட்டுக்கு வெளியே சரிவில் நிறுத்தச் சொன்னேன். அவர் லீவரை இழுத்தார். வண்டி அசையவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். இறங்கியவர் நேராகச் சாலையோரம் போய், ஒரு கல்லை எடுத்து வந்து, என் கண்ணெதிரே குனிந்து சக்கரத்தடியில் வைத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. "பாய், இந்தப் பிரேக்கைப் போட்டது நான்" என்றேன்.

"தெரியும் லூர்து," என்றார். "அதனாலதான் சின்னக் கல்லா வெச்சிருக்கேன்."

அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் ஓய்வு பெறும்வரை அந்தச் சின்னக் கல்லை எடுக்கவைக்க என்னால் முடியவில்லை. உங்கள் ஷெட்டுக்கு வருகிற டிரைவர்களும் நம்மை நம்பாமல்தான் கல் வைக்கிறார்கள். அது அவர்கள் பழக்கம் என்று சொல்லி நீங்கள் சிரிக்கிறீர்கள். முதலில் போய் அந்தக் கட்டுக்கம்பியை அவிழுங்கள்.